வேகத்தடை ஆபீஸ் டயர் வாங்கிய கதை

பொன்ராஜ் முப்பது வருஷம் அரசாங்க வண்டி ஓட்டினார். கொண்டை ஊசி வளைவில் லாரி எதிரே வந்து நின்றபோதும், தேவாலா மழையில் ரோடே காணாமல் போனபோதும், மஞ்சூர் மூடுபனியில் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி இறங்கியபோதும் அவர் பெயருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கையில், வாழ்க்கையின் முதல் மெமோ வந்தது. டயர் தேய்ந்துவிட்டதாம். டயர் என்றால் தேயத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள்.

ஊட்டியில் 'மலைச்சாலை வேகத்தடை அளவீட்டுப் பிரிவு' என்று ஓர் ஆபீஸ் இருந்தது. மலை முழுக்க எங்கெங்கே வேகத்தடை போட்டிருக்கிறார்கள், அது எத்தனை சென்டிமீட்டர் உயரம், வெள்ளைக்கோடு அடித்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது அதன் வேலை. எழுதிக்கொண்டு வந்ததை என்ன செய்வது என்று அரசாணையில் சொல்லவில்லை. அதனால் அலமாரியில் வைத்தார்கள். அலமாரி நிறைந்ததும் இன்னோர் அலமாரி கேட்டு எழுதினார்கள். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஆபீஸில் ஒருநாள் ஜீப் செத்துப்போனது. வேறு வண்டி கேட்டு இரண்டு வருஷம் கடிதம் எழுதிய பிறகு, வந்தது ஒரு கார்.

அந்தக் காரின் பூர்வீகம் வேறு. பெங்களூர்ப் பணக்காரப் பையன் ஒருவன் கல்லட்டி இறக்கத்தில் பந்தயம் விட்டுப் போலீஸில் மாட்டினான். வண்டியைப் போட்டுவிட்டு ஊர் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாகத் தாழ்த்திய சிவப்புக் கார். இரண்டு பக்கமும் தீ எரிகிற படம், பின்கண்ணாடியில் மண்டையோடு. யாருக்கு வண்டி இல்லை என்று தேடிப் பார்த்து அதை இந்த ஆபீஸுக்குத் தள்ளிவிட்டார்கள். கூடவே கோர்ட்டின் நிபந்தனை ஒன்று. வழக்கு முடிகிறவரை வண்டியில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, வந்தது வந்தபடியே இருக்க வேண்டும். ஆக, வேகத்தடை அளக்கிற ஆபீஸுக்கு வேகத்தடையைத் தாண்ட முடியாத கார் வந்து சேர்ந்தது. ஆபீஸில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மண்டையோட்டுக்குக் கீழே ஆபீஸின் பெயரை எழுத அனுமதி கேட்டு, அனுமதி வாங்கி, அழகாக எழுதினார்கள்.

வந்தபோது அதில் இருந்த நாலு டயரும் மழமழவென்று வழுக்கையாகியிருந்தன. புதுசு வாங்க வேண்டும். கண்காணிப்பாளர் பிலோமி மேடம் வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். டயர் அளவு நூற்றெழுபத்தைந்துக்கு எழுபது, பதிமூன்று இஞ்ச் ரிம் என்று போட்டிருந்தது. அதையே வாங்கினார்கள். கம்பெனி விட்டுவந்த உயரத்தில் வண்டி நின்றால் அதுதான் சரியான அளவு. தாழ்த்திய வண்டிக்கு அது பெரிது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் மட்கார்டின் உள்பக்கம் போய் உரசியது. ஊட்டியில் திருப்பம் இல்லாத ரோடு எங்கே இருக்கிறது? நாலே மாதத்தில் டயரின் தோளில் கம்பி தெரிந்தது.

பொன்ராஜ் வண்டியைக் குன்னூருக்கு ஓட்டிப்போய் ஹெர்பர்ட்டிடம் காட்டினார். ஹெர்பர்ட் இருபது வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறவர். எஸ்டேட் லாரி முதல் துரைமார் கார் வரை அவர் கையில் ஏறி இறங்காத சக்கரம் கிடையாது. குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டு விரல் போகோணும். இங்க ஒரு விரலே போகல பாருங்க. திருப்பத்துல பாரம் சாயறப்ப அப்படியே போய்த் தேயுது. ஒண்ணு, ஸ்பிரிங்கை மாத்துங்க. இல்லாட்டி நூத்தறுபத்தஞ்சுக்கு அறுபத்தஞ்சு போடுங்க. ரிம்மு அதேதான். பாரமும் தாங்கும், நான் பாத்துத்தான் சொல்றேன்."

"ஸ்பிரிங்கைத் தொடக் கூடாதுங்க. கேஸு."

"அப்ப சின்ன டயரு. அந்தப் பையன் போட்டிருந்ததே அதாத்தானுங்க இருக்கும். கிறுக்கனா இருந்தாலும் வெவரம் தெரிஞ்சவன்."

"வேற எதாச்சும் தொந்தரவு வருமுங்களா?"

"வயிறு இன்னுமொரு ஒண்ணரை சென்டிமீட்டர் எறங்கும். கிலோமீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும், சின்னச் சக்கரம் ரெண்டு சுத்து அதிகமாச் சுத்தோணுமில்ல. அவ்வளவுதானுங்க. ரெண்டு நிமிச விசயம்."

ரெண்டு நிமிஷ விஷயத்தைப் பொன்ராஜ் ஆபீஸில் வந்து சொன்னார். பிலோமி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் நல்ல மனுஷிதான். ஞாயிறு தவறாமல் கோயில், மற்ற நாள் தவறாமல் ஃபைல்.

"ஹெர்பர்ட் யாருங்க, பொன்ராஜ்?"

"டயர்க்கடைக்காரருங்க மேடம். அனுபவஸ்தரு."

"அவர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா செல்லாது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "செல்லுபடியான ஆளுங்க சொல்லோணும். அது தப்பா இருந்தாக்கூடப் பரவால்ல, ஃபைல் நிக்கும்."

மறுநாள் மெமோ வந்தது. நான்கு டயர்களை நான்கே மாதத்தில் தேய்த்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. பொன்ராஜ் கைப்பட இரண்டு பக்கம் பதில் எழுதினார். பழைய டயர் எந்த அளவு, அது எந்த அறையில் கிடக்கிறது, புதுசு ஏன் உரசுகிறது எல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தார். பதில் பெறப்பட்டது என்று முத்திரை குத்தி, நூல் கோத்து ஃபைலில் சேர்த்தார்கள். யாரும் அதைப் படிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மெமோ வளர்ந்து பதினேழு 'பி' ஆனது.

பதினேழு 'பி' வெறும் மெமோ இல்லை. அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஓய்வு பெறுகிற நாளில் அது முடியாமல் கிடந்தால் ஓய்வு கிடையாது. வீட்டுக்குப் போகவும் விடமாட்டார்கள், ஊரை விட்டு நகரவும் கூடாது.

பொன்ராஜுக்குப் பென்ஷனைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. மனைவி இசக்கியம்மாவைப் பற்றித்தான் கவலை. மூன்று வருஷமாக அவளுக்கு மூச்சிரைப்பு. ஊட்டிக் குளிரும் ஜூன் மழையும் சேர்ந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தேதான் இருப்பாள். "அடுத்த மழைய இவங்க மேல வெச்சுப் பாக்காதீங்க. அதுக்குள்ள கீழ கூட்டீட்டுப் போயிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரமடையில் மகள் வேலாமணி வீடு இருக்கிறது, மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஒருமுறை இசக்கியம்மாவை மட்டும் கொண்டுபோய் விட்டார். பத்தே நாளில் பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள்.

"நீங்க இங்க வெறுஞ்சோத்துல தயிரை ஊத்தித் தின்னுட்டுக் கெடப்பீங்க, நான் அங்க ஃபேனுக்கடியில உக்காந்திருக்கோணுமா? போனா ரெண்டு பேரும் போலாமுங்க. இல்லீன்னா இல்ல."

அவளைப் பேசி மசிய வைக்க முடியாது என்பது முப்பது வருஷ அனுபவம். மே முப்பத்தொன்று ஓய்வு. அன்றைக்கே இறங்கிவிட்டால் மழைக்குத் தப்பிக்கலாம். நடுவில் இருப்பது நாலு டயர்.

பொன்ராஜ் நேரே உதவி இயக்குநர் லிங்கசாமியிடம் போனார். லிங்கசாமிக்குத் தொண்ணூற்றாறு கிலோ உடம்பு, அதில் கோபம் என்று ஒரு கிராம்கூடக் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

"பொன்ராஜு, நான் சர்வீஸுக்கு வந்து இருபத்தாறு வருசம். என் மேல ஒரு புகார் இருக்குதா? இல்ல. ஏன் தெரியுமா? ஒரு முடிவும் எடுத்ததில்ல. முடிவு எடுத்தவனெல்லாம் இன்னிக்குக் கோர்ட்டுல நிக்கிறான். நான் காருல போறேன்."

"அந்தக் காருக்குத்தானுங்க சார் டயரு."

"கேக்கறது நியாயந்தான். மூணு இடத்துக்கு எழுதிக் கருத்துக் கேப்போம்."

இப்படிப் பேசிக்கொண்டிருந்த மனுஷர் அடுத்த வாரம் ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டார். மஞ்சூர் ரோட்டில் டூர் போனபோது ஒரு வேகத்தடையில் காரின் அடிவயிறு டங்கென்று இடித்தது. வழக்கமாக அந்த இடத்தில் லிங்கசாமி இறங்கி, பொன்ராஜைக் குனியவைத்து, ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வார். அன்றைக்கு அவர் இறங்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார்.

"பொன்ராஜு, இது காரே இல்லப்பா. கருவி."

"சார்?"

"இடிச்சா உயரம் ஜாஸ்தி. இடிக்கலைன்னா சரி. இனி எறங்கவே வேண்டியதில்ல. இத்தன வருசம் குனிஞ்சு நிமிந்து மக்கள் பணத்தை வீணடிச்சிருக்கோமே!"

அன்றிலிருந்து அவர் பின்சீட்டில் சாய்ந்துகொண்டே அளந்தார். சத்தம் கேட்டதும் 'அதிகம்' என்று எழுதினார். ஒன்றரை மாதத்தில் நீலகிரியில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு வேகத்தடையும் உயரம் அதிகம் என்று தெரியவந்தது. பொன்ராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், ரோட்டுல கெடக்கற கல்லுகூட இடிக்குதுங்களே."

"அதையும் எழுது. அனுமதி பெறாத வேகத்தடை."

இந்த அறிக்கையைப் பார்த்து மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அன்றோடு டயரின் கதி இன்னும் மோசமானது. சின்ன டயர் போட்டால் வயிறு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும் என்று பொன்ராஜ் ஆபீஸில் வந்து சொல்லியிருந்தாரே, இப்போது அதைப் போட்டால் கருவியின் அளவீடே மாறும் என்றார்கள். இன்னும் பெரிய டயர் போட்டால் வண்டி உயர்ந்து, நேற்று தவறாக இருந்த வேகத்தடையெல்லாம் நாளைக்குச் சரியாகிவிடும், கொடுத்த பாராட்டைத் திருப்பிக் கேட்பார்கள். டயர் அளவு ஒரு கொள்கை விஷயம் என்று லிங்கசாமி குறிப்பு எழுதினார். கொள்கை விஷயம் என்று எழுதிவிட்டால் அந்த ஃபைலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மூன்று இடத்துக்குப் போன கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆபீஸ் ஒன்று, பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி நூற்றெழுபத்தைந்து என்றது. மலையில் ஜீப் ஓட்டுகிற ஆபீஸ் ஒன்று, இருநூற்றைந்துக்குக் குறைந்தால் ஆபத்து என்றது. மூன்றாவது ஆபீஸில் கார் இல்லை, ஸ்கூட்டர்தான் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவர்கள் தொண்ணூறு என்று எழுதி அனுப்பினார்கள்.

பிலோமி மேடம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். நூற்றைம்பத்தாறு புள்ளி ஆறு ஏழு.

"மேடம், அப்படியொரு டயரே கெடையாதுங்க."

"யாரையும் விட்டுக்கொடுக்க முடியாதுல்லீங்க. மூணு பேருமே செல்லுபடியானவங்க."

அந்த அளவுக்கு டெண்டர் விட்டார்கள். ஒரு கம்பெனியும் வரவில்லை. மறுபடி விட்டார்கள், மறுபடியும் வரவில்லை. போட்டியே இல்லாததால் முறைகேடு எதுவும் நடக்க வாய்ப்பின்றி டெண்டர் மிகத் தூய்மையாக நடந்ததென்று கோப்பில் பதிவாயிற்று. ஹெர்பர்ட்டுக்கும் ஒரு நோட்டீஸ் போனது. அவர் பொன்ராஜுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்கண்ணே, புள்ளி ஆறு ஏழை நான் எந்தப் பக்கத்துல செதுக்கோணும்?"

பொன்ராஜுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கம்பி தெரிகிற டயரில் அவர் மலையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில், தேவர்சோலையிலிருந்து திரும்பும்போது லேசான தூறலில் வண்டி அரைவட்டம் சுற்றி, தேயிலைச் செடியில் மூக்கை நுழைத்து நின்றது. பின்சீட்டில் சரிந்து கிடந்த லிங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "குழு போட்டுருவோம்" என்றார்.

ஐந்து பேர் கொண்ட டயர் அளவு நிர்ணயக் குழு மார்ச்சில் ஆபீஸ் வாசலில் கூடியது. டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் வந்தன. காரைச் சமதரையில் நிறுத்தி, பொன்ராஜை இறங்கச் சொன்னார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பிலோமி மேடம் ஒரு ஃபைல் அட்டையை விட்டு இழுத்தார். சரளமாக வந்தது.

"உரசவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள்.

"வண்டி காலியா நிக்குதுங்க சார். ஆள் உக்காந்து, திருப்பத்துல போனாத்தான் உரசும்" என்றார் பொன்ராஜ்.

சரி, உட்காரச் சொன்னார்கள். பொன்ராஜ் உட்கார்ந்தார். அட்டை கொஞ்சம் திக்கித் திக்கி வந்தது. லிங்கசாமி பின்சீட்டில் உட்கார்ந்தார். அட்டை மாட்டிக்கொண்டு கிழிந்தே போனது. குழு உறுப்பினர்கள் அந்த நேரம் பார்த்து வர்க்கி எடுக்கத் திரும்பிக்கொண்டார்கள். ஆகவே இரண்டாவது சோதனைதான் கணக்கில் வந்தது. வண்டியில் குறையில்லை, டயரில் குறையில்லை, ஓட்டுநர் உட்காரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது என்று தெரிந்தது.

பிலோமி மேடம் உள்ளே போய்ப் பொன்ராஜின் பணிப்பதிவேட்டை எடுத்து வந்தார். சேரும்போது எடுத்த மருத்துவச் சான்றில் எடை நாற்பத்தொன்பது கிலோ. தபாலாபீஸ் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் இப்போது நிறுத்துப் பார்த்தால் எழுபத்து மூன்று.

"இருபத்து நாலு கிலோ கூடியிருக்கீங்க. எங்கயும் தெரிவிக்கலியே, பொன்ராஜ்?"

"எடை கூடறதத் தெரிவிக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்க மேடம்."

"கல்யாணம் ஆனதைத் தெரிவிச்சிருக்கீங்க. கொழந்தை பொறந்ததத் தெரிவிச்சிருக்கீங்க. இத மட்டும் மறைச்சிருக்கீங்களே."

பதிவேட்டில் உள்ள எடைக்குத் திரும்புவதாக எழுதித் தரச் சொன்னார்கள். அவரும் எழுதித் தந்தார். வேறென்ன செய்வார்? சண்டை போட உடம்பில் தெம்பு வேண்டுமே, இனி அதுவும் குறையப்போகிறது.

வீட்டுக்கு வந்து, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இசக்கியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இருமல் வந்து, நின்று, மூச்சு ஒரு நிலைக்கு வர நேரம் ஆனது.

"அந்த இருபத்து நாலு கிலோவ முப்பது வருசமா ஆக்கிப் போட்டது நானுங்க. எனக்கும் மெமோ குடுப்பாங்களா?"

"நீ வேற, சும்மா இரு."

"சும்மா என்னத்துக்கு இருக்கறது? நான் பட்டினி போட்டுப் புருசன எளைக்க வெச்சுத்தான் கீழ போகோணும்னா, எனக்கு அந்தக் காரமடையே வேண்டாம். உக்காந்து தின்னுங்க."

தட்டை இழுத்து முன்னால் வைத்தாள். பொன்ராஜ் தின்றார். தின்கிறபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ரசத்தில் மிளகு கூடிப்போச்சு என்றார். இவளை இந்த மழையில் இழந்துவிட்டால் அப்புறம் எந்த ஃபைலை மூடி என்ன என்று நினைத்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு அந்த ஆபீஸின் மேல் வெறுப்பு வந்தது.

ஏப்ரல் போனது. மே மூன்றாவது வாரம், பதினேழு 'பி'-யைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய கெடு நெருங்கியதால், பிலோமி மேடம் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். பத்து மாதத்துக்கு முன் பொன்ராஜ் எழுதிய பதிலை அப்போதுதான் படித்தார். வந்தபோது வண்டியில் இருந்தது நூற்றறுபத்தைந்துக்கு அறுபத்தைந்து டயர், அவை நான்கும் பின்னறையில் கிடக்கின்றன என்று அதில் இருந்தது. மேடம் எழுந்து பின்னறைக்குப் போனார். இருந்தன. அவருக்கு வேர்த்துவிட்டது. ஊட்டியில், மே மாதத்தில் ஆனாலும், ஆபீஸில் ஒருவருக்கு வேர்ப்பது சாதாரணமில்லை.

"சார், வந்தது வந்தபடி இருக்கோணும்னு கோர்ட் உத்தரவு. வந்தப்ப சின்ன டயர். நாம பெரிசை மாட்டீட்டோம். மாத்தினது நாமதானுங்க சார்!"

லிங்கசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்து யாரு?"

"உங்களுதுங்க சார். கீழ என்னுது."

அடுத்த இரண்டு நாளில் அந்த ஆபீஸ் காட்டிய வேகத்தை மாவட்டம் இதற்கு முன் பார்த்ததில்லை. குழு கூடியது. விரிவான ஆய்வுக்குப் பின், சரியான அளவு நூற்றறுபத்தைந்துக்கு அறுபத்தைந்து என்று குழுவே கண்டுபிடித்தது. ஹெர்பர்ட் பெயர் எங்கேயும் இல்லை. டயரை மட்டும் அவர் கடையில்தான் வாங்கினார்கள். பதினேழு 'பி' கைவிடப்பட்டது. எடைக் குறைப்பு உறுதிமொழி "இனி அவசியமில்லை" என்று குறிப்பெழுதப்பட்டது. கருவியின் அளவீடு மாறிவிடுமே என்று கேட்க யாருக்கும் நினைவில்லை.

புது டயர் மாட்டி, குன்னூரிலிருந்து திரும்பும்போது பொன்ராஜ் ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். ஒரு சத்தம் இல்லை. "இசக்கி, போறோம்" என்று வீட்டு வாசலில் நின்று கத்தினார். அவள் அன்றைக்கே மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மே முப்பத்தொன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பிரிவுபசார விழா. பொன்ராஜுக்குச் சந்தன மாலை, சால்வை. இசக்கியம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்கார்ஃப் சுற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூட்டை முடிச்செல்லாம் ஆபீஸ் வராந்தாவில். ஆறு மணி பஸ்ஸுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

லிங்கசாமி பேச எழுந்தார்.

"டயர் என்றால் சாதாரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொன்னால் அது வெறும் டயர். நாம் பதினோரு மாதம் பாடுபட்டுச் சொன்னதால் அது நிர்ணயம். இந்தப் பெருமையில் நம் பொன்ராஜுக்கும் பங்கு உண்டு. அவர் டயரைத் தேய்த்திராவிட்டால் நாம் யாரும் யோசித்திருக்க மாட்டோம். அப்படிப்பட்டவரை அனுப்பி வைக்க மனசு வருமா? வரவில்லை! ஆகவே..."

ஓர் உறையை நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். பொன்ராஜ் பிரித்துப் படித்தார். புதிய டயரின் அளவு சரியானதுதானா என்பது அதன் ஆயுட்காலமான முப்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் முடிந்த பிறகே உறுதியாகும் என்பதாலும், சோதனையின் நடுவே ஓட்டுநர் மாறினால் முடிவு பிசகும் என்பதாலும், மேற்படி கிலோமீட்டர் முடியும்வரை பொன்ராஜுக்குப் பணி நீட்டிப்பு வழங்கப்படுகிறது.

அந்தக் கார் மாதத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பொன்ராஜ் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாலை மூக்கில் இடித்தது.

"என்னங்க போட்டிருக்குது?" என்றாள் இசக்கியம்மா.

சொன்னார்.

"அப்ப நாம இன்னிக்குப் போகலீங்களா?"

அவள் குரல் எழும்பவில்லை. அவ்வளவுதான் கேட்டாள், கேட்டுவிட்டு இரும ஆரம்பித்தாள். கைதட்டல் அடங்கிய அறையில் அந்த இருமல் மட்டும் கேட்டது. யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஓட்டுக்கூரையில் முதல் தூறல் விழுந்தது. பொன்ராஜ் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உத்தரவை மறுபடி படித்தார். மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு மாலையைக் கழற்றாமலே எழுந்து பிலோமி மேடத்திடம் போனார்.

"மேடம், இந்தக் கிலோமீட்டரை எங்க ஓட்டோணும்னு இதுல போட்டிருக்குதுங்களா?"

மேடம் வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். "குறிப்பிடலீங்க."

"எப்ப ஆரம்பிக்கோணும்?"

"'உடனடியாக'ன்னு இருக்குது."

"ஆகட்டுமுங்க. ஆரம்பிக்கறேன்."

வராந்தாவுக்குப் போய் மூட்டைகளைத் தூக்கிக் காரின் டிக்கியில் வைத்தார். டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார். இசக்கியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். லிங்கசாமி படியில் வந்து நின்றார்.

"பொன்ராஜு, என்னப்பா இது? குடும்பத்த அரசாங்க வண்டியில..."

பதில் பிலோமி மேடத்திடமிருந்து வந்தது. அவர் இசக்கியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "விழா முடிஞ்சதும் குடும்பத்தோட வீடு வரைக்கும் ஆபீஸ் வண்டியில கொண்டு விடலாம்னு சுற்றறிக்கை இருக்குதுங்க சார். வீடு எந்த ஊர்லன்னு அதுல போடல."

"இதுக்கு யாரு முடிவெடுக்கறது?"

"நீங்கதானுங்க சார் எடுக்கோணும்."

லிங்கசாமி சட்டென்று உள்ளே போய்விட்டார்.

தீப்படம் போட்ட சிவப்புக் கார் மண்டையோட்டைக் காட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. குன்னூர்வரை மழை துரத்தியது. இசக்கியம்மா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பொன்ராஜ் ரோட்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். காட்டேரிப் பூங்காவைத் தாண்டியதும் மழை பின்தங்கியது. பர்லியாறு வந்ததும் காற்று வெதுவெதுப்பாக அடித்தது, பலாப்பழ வாசனையோடு. அவள் ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் போட்டாள். கொஞ்ச தூரம் போய் ஸ்வெட்டர் பொத்தானையும் கழற்றினாள். கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டாள்.

"மூச்சு எப்படி இருக்குது?"

"வருதுங்க." இழுத்து விட்டுப் பார்த்தாள். "நல்லா வருது. ஏனுங்க, இந்த டயரு எத்தன நாளைக்கு வரும்?"

"காரமடையிலயே வெச்சு மெதுவா ஓட்டுனா ஒம்பது வருசம்."

"மெதுவாவே ஓட்டுங்க" என்றாள் இசக்கியம்மா.